மரக்கறிப் பெரட்டும் மிட்வைஃப் அம்மாவும்

செவ்வாய்க்கிழமை காலை தபால்காரர் மாடசாமி பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, தோளிலிருந்த பையை முதலில் கீழே இறக்கினார். பையை இறக்கிவிட்டுப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

"மிட்வைஃப் அம்மா விடியக்காலம் போயிட்டாங்க மாஸ்டர். ஆஸ்பத்திரியில இருந்து ஆபீசுக்குப் போன் வந்துச்சு. பெரிய கிளாக்கர் ஐயாதான் எடுத்தாங்க. எடுத்த போனைக் கீழ வைக்காம இன்னும் கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

அந்த இரண்டாவது செய்திதான் முதலாவதை என்னை நம்பவைத்தது. ஏனென்று சொல்ல வேண்டுமானால் மரக்கறிப் பெரட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அம்மாவைப் பற்றிச் சொல்வதே முறை.

திருமதி எஸ்தர் நேசமணி அவர்கள் இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவத் தாதியாகப் பணிபுரிந்தார். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. பெயர் சொல்லி அவரை யாரும் அழைத்ததில்லை. சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மிட்வைஃப் அம்மா.

நாடு சுதந்திரம் பெற்று, அதில் எங்கள் பங்கு என்னவென்று எங்களுக்கே தெரியாதிருந்த நாட்களில் அவர் இங்கு வந்து சேர்ந்தார். புதிதாக வருகிறவர்களுக்குத் தேயிலை ஆலையைக் காட்டுவதும், கோயிலைக் காட்டுவதும், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவைத் தூரத்திலிருந்து காட்டுவதும் தோட்டத்து மரபு. அம்மா எதையும் பார்க்கவில்லை. "குடிக்கிற தண்ணி எங்கயிருந்து வருது?" என்றுதான் கேட்டார்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவில் பீலி இருந்தது. மலையிலிருந்து குழாய் வழியே இறங்கி இரவும் பகலும் கொட்டும் தண்ணீர் அது. அம்மா குடையை ஊன்றிக்கொண்டு மேலே ஏறி ஊற்றுக் கண்ணையே பார்த்தார். ஊற்றுக்குச் சற்று மேலே ஒரு பசுமாடு கட்டியிருந்தது.

"மாடு யாருது?"

"பெரிய கிளாக்கர் ஐயாவோட மாடுங்கம்மா," என்றார் கூடச் சென்ற கங்காணி, அத்துடன் விஷயம் முடிந்தது என்ற குரலில்.

"மாட்டுக்கு அது தெரியாதே. அவுத்துக் கீழ கட்டுங்க."

மாடு அன்றே கீழே இறங்கியது. தோட்டத்தின் கணக்கு வழக்கு அனைத்தையும் கையில் வைத்திருந்த பெரிய கிளாக்கர் அவர்கள் அன்றிலிருந்து அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். அது வணக்கமா இல்லையா என்பதை எங்களில் யாராலும் முடிவு செய்ய முடியவில்லை.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் உலகமெல்லாம் சுற்றிய அந்தச் சளிக்காய்ச்சல் கப்பலில் கொழும்புக்கு வந்தது. அங்கிருந்து ரயிலேறி, கினிகத்தேனைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, எங்களிடமும் வந்தது. தோட்டத்தில் முதலில் படுத்தவர், சந்தையிலிருந்து ஒரு மூட்டை லீக்ஸ் மரக்கறியோடு திரும்பியவர். ஆபீசில் கூட்டம் நடந்தது. சந்தையில் அவர் நூறு பேர் நடுவில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. லீக்ஸ் மீது குற்றம் நிரூபணமாயிற்று.

பெரிய கிளாக்கர் தீர்வு கண்டார். ஆலையிலிருந்து ஒரு பெரிய பீப்பாயைக் கொண்டுவந்து பெரட்டுக் களத்தில் நிறுத்தி, நீர் நிரப்பி, கக்கூசுக்கு ஊற்றும் பினாயிலை அதில் கலந்தார். தோட்டத்துக்குள் வரும் மரக்கறி எல்லாவற்றையும் அதில் முக்கி எடுத்த பிறகே சமைக்கலாம். துரை காய்ச்சலைவிடக் கொழுந்து குறைவதைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தபடியால், "சரி, செய்," என்றார்.

காலையில் வேலைக்காரர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். மலைநாட்டில் வரிசையில் நிறுத்தாமல் செய்யக்கூடிய காரியம் எதுவும் இருப்பதாக எங்கள் நிர்வாகம் அறிந்ததில்லை. ஆகவே மரக்கறி கழுவுவதும் பெரட்டாயிற்று. மாலையில் கொழுந்தை எடைபோட்டு முடிந்ததும் தப்புப் பறை அடிப்பார்கள். ஆளுக்கொரு கூடையோடு வந்து நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிடுவார், கூப்பிடப்பட்டவர் முக்குவார். அன்று வீட்டில் மரக்கறி இல்லாத ஒருவர், வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்களோ என்று பயந்து, பக்கத்து வீட்டு முட்டைக்கோஸை, அதாவது எங்கள் பேச்சில் கோவாவை, இரவல் வாங்கி வந்து முக்கினார். அதைப் பார்த்த இன்னொருவரும் அதையே இரவல் கேட்டார். ஒரு கோவா ஒரே மாலையில் அத்தனை முறை குளித்தது இத்தீவின் வரலாற்றில் அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும்.

வரிசையில் நின்றவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் இருமினார்கள். மறுநாள் மேலும் பலர் படுத்தார்கள். பெரிய கிளாக்கர் மேலும் கொஞ்சம் பினாயில் ஊற்றினார்.

இந்த வேடிக்கை பிள்ளை மடுவத்தில் வேடிக்கையாக இருக்கவில்லை. காய்ச்சலிலிருந்து எழும்பிய குழந்தைகள் ஏற்கெனவே குச்சி குச்சியாய் இருந்தார்கள். மடுவத்துச் சோற்றில் சேரும் கீரையும் கரட்டும் பூசணியும் பீப்பாய் வழியாகவே வந்தன. எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நாற்றம் போகவில்லை. வாயில் வைத்த கவளத்தைக் குழந்தைகள் துப்பினார்கள். இரண்டு வயது ரஞ்சிதம் அதிலும் மோசம். அவளுக்கு வெறுஞ்சோறுகூட இறங்கவில்லை. அவளுடைய தாய் கருப்பாயி, மிட்வைஃப் அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"தட்டப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிதும்மா. இப்புடியே கெடந்தா புள்ள தாங்காது."

அம்மா குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார். சம்பள விஷயமாக அங்கே போயிருந்த நான் நடந்ததைக் காதால் கேட்டேன்.

"ஐயா, காய்ச்சல் கோவாவுல வரல. பக்கத்துல நின்னு இருமுறவங்ககிட்ட இருந்து வருது. அந்தப் பீப்பாயத் தூக்கிருங்க."

"தொர உத்தரவும்மா. நான் என்ன செய்ய? தோட்டத்துக்குள்ள இருக்கிற அத்தனை மரக்கறியும் முங்கணும்."

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

"பழமுமா?"

"பழமுந்தான். யாருக்கும் வெலக்குக் கெடையாது."

அம்மா சிறிது யோசித்தார். "சரிங்க ஐயா. உத்தரவுன்னா உத்தரவுதான்," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். வெளியே மழை இல்லை. அவர் பங்களாப் பாதையில் ஏறிப் போனார்.

அன்று மாலைப் பெரட்டில் வரிசையின் கடைசியில் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாகப் பங்களாச் சமையற்காரர் நின்றார். கினிகத்தேனைக்காரரான அவரை நாங்கள் அப்பு என்போம். அவருடைய பேத்தியைப் பிரசவம் பார்த்து எடுத்தவர் அம்மா. அப்புவின் கையில் ஒரு பிரம்புத் தட்டு. தட்டில், துரை தன் பங்களாத் தோட்டத்தில் குழந்தைபோல வளர்க்கும் ஸ்ட்ரோபரிப் பழங்கள்.

கங்காணி பெயர்ப் பட்டியலைப் புரட்டினார். "அப்பு, நீங்க எதுக்கு இங்க?"

"தோட்டம் பூராவும் உத்தரவுதானே? பங்களா என்னா, கடலுக்குள்ளயா இருக்கு?"

அப்பு பழங்களைப் பீப்பாயில் முக்கினார். பொறுமையாக, ஞானஸ்நானம் கொடுப்பவரைப் போல முக்கினார். பின்பு தட்டைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மலையேறினார். அன்று வரிசையில் யாரும் இருமவில்லை.

இரவுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை அப்பு பின்னாளில் பலருக்கும் பலமுறை சொல்லியிருக்கிறார். துரை பழத்தை வாயருகே கொண்டுபோனார். மூக்கு முந்திக்கொண்டது.

மறுநாள் காலைப் பெரட்டுக்குத் துரை நடந்தே வந்தார். அவர் பேசிய தமிழில் மரியாதைக்கு இடம் கிடையாது.

"எவன் என் பழத்துக்குப் பினாயில் போட்டது?"

பெரட்டு முழுதும் தரையைப் பார்த்தது. பெரிய கிளாக்கர் தொப்பியைச் சரிசெய்தார். அம்மா முன்னால் வந்தார்.

"நீங்கதான் தொர."

"என்னா?"

"உத்தரவு உங்களுது. பங்களாவுக்கு வெலக்குன்னு யாரும் சொல்லலீங்க. உங்களுக்குக் காய்ச்சல் வந்தா நாங்க என்ன பதில் சொல்றது?"

"அதை மனுசன் திங்க முடியாது."

"முடியாதுங்க தொர. அதத்தான் என் மடுவத்துப் புள்ளைங்களும் ஒரு வாரமாச் சொல்லுதுங்க. அதுங்க சொன்னது ஆபீஸ் வரைக்கும் கேக்கல."

துரை பெரிய கிளாக்கரைப் பார்த்தார். பெரிய கிளாக்கர் பீப்பாயைப் பார்த்தார். பீப்பாய்க்குப் பார்க்க யாரும் இல்லை.

"அப்ப எப்படிக் கழுவுற?" என்றார் துரை.

அம்மா பீலியை நோக்கி நடந்தார். துரை பின்னால் நடந்தார். கூப்பிடாமலேயே பெரட்டும் நடந்தது. பீலியடியில் அம்மா முதலில் தம் கைகளைச் சவுக்காரம் போட்டுக் கழுவினார். பிறகு ஒரு கோவாவின் வெளி இலைகளை உரித்துப் போட்டார். ஒரு கரட்டைக் கொட்டும் தண்ணீரில் பிடித்து, மண் ஒட்டிய இடங்களை விரலால் அழுத்தித் தேய்த்தார்.

"மரக்கறிக்குச் சவுக்காரம் வேணாங்களாம்மா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"கோவா என்ன ஓம் புருசன் வேட்டியா, சவுக்காரம் போட? அது உள்ள இழுத்துக்கும்டி. அப்புறம் வயித்துக்குள்ள நொரைக்கும்."

சிரிப்பு அடங்கியதும் அம்மா சொன்னார்: "நிக்கிற தண்ணி எல்லார் அழுக்கையும் சேத்து வச்சுக்கும். ஓடுற தண்ணி கொண்டுபோயிரும். நீங்க தேய்ச்சு விடுங்க. மிச்ச வேலைய அது பாத்துக்கும். வெட்டுறதுக்கு முன்னால கழுவுங்க, வெட்டுனதுக்கு அப்புறம் இல்ல. அவ்வளவுதான் வித்தை."

அந்தக் கரட்டைப் பச்சையாகக் கடித்தார். இன்னொன்றைக் கழுவித் துரையிடம் நீட்டினார். துரை கொஞ்சம் தயங்கிவிட்டுக் கடித்தார். அந்தச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. அவர் மென்றுகொண்டிருக்கும்போதே, "மடுவத்துக்குத் தனியா ஒரு பீலி வேணுங்க தொர," என்றார் அம்மா. வாய் நிறைந்திருந்த துரை தலையை ஆட்டினார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முந்நூறு சாட்சிகள் இருந்தோம்.

அன்று மத்தியானம் கீரையும் கரட்டும் போட்ட சோறு மடுவத்தில் வெந்தது. ரஞ்சிதம் தட்டைக் காலி செய்துவிட்டு, தட்டையே அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அழுது நாங்கள் பார்த்ததில்லை. அன்று அடுப்புப் புகை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார்.

காய்ச்சல் வந்தது போலவே போயிற்று. அதைத் தாம் விரட்டியதாக அம்மா ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. பிள்ளைகளைச் சாப்பிடவைத்ததை மட்டும் சொல்லிக்கொண்டார். அதை ஓயாமல் சொல்லிக்கொண்டார். மடுவத்துக்குப் பீலி வந்தது. பீப்பாயைப் பெரிய கிளாக்கர் தம் வீட்டு முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு போய், மண் நிரப்பி, ரோஜா வைத்தார். அவ்வழியே போகும்போதெல்லாம் அம்மா நின்று, "ரோசாவுக்குப் பினாயில் ஊத்துறீங்களாய்யா?" என்று விசாரிப்பார். பல வருஷம் பதில் இல்லை. ஒருமுறை பெரிய கிளாக்கர் நிமோனியாவில் படுத்து, அம்மா இரவும் பகலும் கூட இருந்து பார்த்துக்கொண்ட பிறகு பதில் வந்தது. "இல்லம்மா. ஓடுற தண்ணிதான்."

புதன்கிழமை அம்மாவின் உடலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம். தேயிலைக்கு மேலேயுள்ள சிறிய கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. கோயில்காரர்களும் சர்ச்சுக்காரர்களும் பிரித்தறிய முடியாதபடி கலந்து நின்றார்கள். பூக்கள் வந்துகொண்டே இருந்தன. ஆனால் யாரும் அவற்றை நேராகப் பெட்டியில் வைக்கவில்லை. மடுவத்துப் பீலியடியில் ஒரு வரிசை நின்றது. முன்னால் நின்றவள் ரஞ்சிதம். இப்போது என் வகுப்பில் படிக்கிறாள், மற்றப் பிள்ளைகளைவிட ஒரு பிடி உயரம். வாங்கிய பூவையெல்லாம் கொட்டும் தண்ணீரில் பிடித்து, மண் போக அலசிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மண்ணிலிருந்து வரும் எதையும் கழுவாமல் அம்மாவிடம் கொண்டுபோக முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

வரிசையின் கடைசியில், பீப்பாய் ரோஜாக்களோடு, தொப்பி இல்லாமல் பெரிய கிளாக்கர் நின்றார். முன்னால் வருமாறு சிலர் அழைத்தார்கள். அவர் வரவில்லை. அவருடைய முறை வந்தபோது பூவை நீட்டினார். ரஞ்சிதம் வாங்கவில்லை.

"மொதல்ல கையக் கழுவுங்கய்யா," என்றாள்.

அவர் கழுவினார்.

அம்மா, தப்பு அடிக்கவில்லை. யாரும் பெயர் கூப்பிடவில்லை. அப்படியிருந்தும் ஒருவர் விடாமல் வந்து நின்றோம். தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் உங்கள் மேல் பூ வைத்தோம். பீலி ஓடிக்கொண்டிருக்கிறது. நிம்மதியாகப் போங்கள்.