ஆமாங்க, வேலையில இருக்கேன்

பயிற்சியின் கடைசி நாளில் நான் ஒரு பாடம் நடத்துவேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதில் செல்போனை வைத்துக்கொள்வேன். "வணக்கம், நீங்க இப்ப வேலையில இருக்கீங்களா?" ஒவ்வொருவராக எழுந்து பதில் சொல்ல வேண்டும். "ஆமாங்க, வேலையில இருக்கேன்." இழுக்கக் கூடாது, யோசிக்கக் கூடாது. எந்தக் கம்பெனி என்றால் கம்பெனி பெயர், எவ்வளவு நாளாக என்றால் மூணு மாசம். சிரித்துவிடுகிறவர்களை மறுபடியும் எழுப்புவேன்.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் மையம். அரசாங்கச் செலவில் இலவசப் பயிற்சி, முடித்தால் வேலை. பயிற்சி கொடுப்பவர்கள் வேறு. கம்பெனிகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் நான். சேர்ந்தவர்கள் மூன்று மாதம் தாக்குப்பிடித்தால்தான் மையத்துக்கு அடுத்த பேட்ச் வரும். அதை உறுதிப்படுத்த எங்கிருந்தோ ஒரு பெண் குரல் போனில் கூப்பிடும். அதற்குள் பாதிப் பேர் வேலையை விட்டு நின்றிருப்பார்கள். அசெம்பிளி லைன் நிற்கச் சொல்லும், கால் உட்காரச் சொல்லும், கால்தான் ஜெயிக்கும். அதனால்தான் அந்தப் பாடம்.

நாற்பத்தேழு வயதுக்குள் ஏழெட்டு வேலை மாறி இங்கே வந்தவன் நான். எங்கேயும் வேர் பிடிக்கவில்லை. இந்த ரோட்டில் மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி, மூன்றாவது பருவம் கிடையாது. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் எங்கள் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். பல நாள் அது எனக்குள்ளே நடுங்குவதாகவே நினைத்திருக்கிறேன்.

அப்படிப் படித்துப் போனவர்களில் ஒருத்தி மண்ணூர்க்காரி. முப்பத்து மூன்று வயது, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் உண்டு. கார் ஒயர்களைக் கோத்துக் கட்டும் பயிற்சி எடுத்தாள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு யூனிட்டில் சேர்த்துவிட்டேன். "எங்க நெலத்துலதான் சார் அந்தக் கம்பெனி பஸ் நிறுத்துறாங்கோ. வேலைக்குப் போனா எங்க கொல்லைக்கே போற மாதிரிதான்" என்று சிரித்துக்கொண்டு போனவள், பத்தொன்பதாம் நாள் நின்றுவிட்டாள். காரணம் கேட்டேன். "லேடீஸ் பிரச்சினை சார், உங்களாண்ட எப்பிடிச் சொல்றது. பாத்ரூம் போக டோக்கன் வாங்கணும். ஷிப்டுக்கு ரெண்டுதான். என் ஒடம்புக்கு ரெண்டு பத்தல."

சில மாதம் கழித்து அவளே போன் செய்தாள். "சார், அந்த போன் வந்துச்சு. ரேஷன் கடையில வரிசையில நின்னுகினு இருந்தேன். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே சொல்ட்டேன். ஒரு வார்த்தை தடுமாறல."

"வெரிகுட்மா" என்றேன்.

அந்த வருஷமே எங்கள் மையத்துக்கு நோயாளி பராமரிப்புப் பயிற்சி வந்தது. முதல் ஆளாக வந்து நின்றாள். பிளாஸ்டிக் கவரில் எல்லாச் சான்றிதழுக்கும் ஜெராக்ஸ். அவள் மாமியார் இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து போனவர். முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டவள் இவள். "டாக்டரே கேட்டாரு சார், நர்ஸுக்குப் படிச்சிருக்கியான்னு. இல்லீங்க, மருமவதான்னேன்." ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளே போய்ப் பேசி வைத்திருந்தாள். சர்டிபிகேட் இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். "அங்க உக்கார ஸ்டூல் கீது சார். பாத்ரூமும் பக்கத்துலயே கீது. பாத்துட்டுத்தான் வந்தேன்."

ஆதார் எண்ணை அடித்தேன். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

"இன்னா சார் போட்டுக்கீது?"

"ஏற்கெனவே பணியில் உள்ளவர், சேர்க்க இயலாது."

அவள் குனிந்து திரையில் அந்த வரியைப் பார்த்தாள். "அது நீங்க சொல்லச் சொன்னதுதானே சார்" என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை, தெரியாமல் கேட்கும் குரல். "நானே அந்த நம்பருக்குப் பண்ணி, இல்லன்னு சொல்லட்டா?"

"அவங்கதான்மா நமக்குப் பண்ணுவாங்க. நாம பண்ண முடியாது."

மையத்தின் மேனேஜர் என்னைவிடச் சின்னவர். "மேலிடத்துக்கு லெட்டர் போட்டா மாத்துவாங்க சார். இன்னான்னு போடுவீங்க? நாங்கதான் பொய் சொல்லச் சொன்னோம்னா? ஒரு பேரைத் தோண்டினா எல்லாப் பேரையும் தோண்டுவாங்க. அப்புறம் நீங்க கீழ டயர் கடையிலதான் போய் வேலை கேக்கணும்."

உள்ளதைச் சொல்லி ஒரு கடிதம் அடித்தேன். மூன்றே வரி. அனுப்பவில்லை.

அவளிடம், "வந்து உக்காரும்மா, மேல எழுதிக் கேக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். வந்தாள். காலையில் எல்லோரும் வாசலில் உள்ள மெஷினில் விரல் வைப்பார்கள். அவள் மட்டும் கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு தாண்டிப் போவாள், கடைசி பெஞ்சுக்கு. கட்டிலில் கிடக்கும் ரப்பர் பொம்மையைப் புரட்டச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் அதன் பிடரிக்குக் கீழே கை கொடுத்து, வலிக்குமோ என்பதுபோலப் புரட்டுவாள். பாடம் எடுக்கிற அம்மா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார்.

"அக்கா, நீ இருந்தா எங்களுக்கு எவனும் வேலை குடுக்க மாட்டான்" என்றாள் ஒரு பெண்.

"எனக்குத்தான் ஏற்கெனவே வேலை கீதே, உனக்கு இன்னாடி பயம்."

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்றிருந்த நான் படியிறங்கி டீ குடிக்கப் போய்விட்டேன்.

தினமும் மாடிப்படியில் கேட்பாள்: "லெட்டருக்கு பதில் வந்துச்சா சார்?" தினமும் ஒரே பதில்: "வரும்மா." பாடத்தில் நான் சொல்லிக்கொடுத்த அதே வேகத்தில்.

மூன்றாவது வாரம், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். மெஷினில் இருந்த எண்ணிக்கையையும் பெஞ்சில் இருந்த தலைகளையும் ஒப்பிட்டார். ஒரு தலை அதிகம். "இவங்க யாரு?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். கடிதத்தில் இருந்த அந்த மூன்று வரிதான், வாய் திறந்தால் போதும். நான் மூச்சை இழுப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"நான் வேலையில இருக்கேங்க. இங்கதான் ட்ரெயினிங் எடுத்தேன். இன்னிக்கு லீவு, சும்மா பாக்க வந்தேன்."

"எந்தக் கம்பெனி?" சொன்னாள். "எவ்ளோ நாளா?" அதையும் சொன்னாள். இழுக்கவில்லை, யோசிக்கவில்லை. பெஞ்சில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அதிகாரி முகம் மலர்ந்து மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாருங்க, இவங்கள மாதிரி இருக்கணும்." பொம்மைக் கட்டில் பக்கத்தில் அவளை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோ இப்போது எங்கள் வாசலில், விரல் வைக்கும் மெஷினுக்கு மேலே தொங்குகிறது.

அவள் பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே போனேன். பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

"லெட்டரு போவலதானே சார்?"

நான் அவள் கையிலிருந்த கவரைப் பார்த்தேன்.

"சரி வுடுங்க. சரியாச் சொன்னேனா?"

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும், சொல்லலாம் என்று நின்றேன். சத்தம் நின்றபோது படியில் யாரும் இல்லை.