மணிக்கூண்டுக்கு வழி கேட்டுப் பாடினேன்

போன வருடம் பள்ளி விடுமுறையில் நானும் என் மனைவியும் தைப்பிங்கிற்கு இரண்டு நாள் பயணமாகப் போயிருந்தபோது நடந்தது இது. மலாக்கா மாநிலத்தில் ரெம்பியாதான் எங்கள் ஊர். அங்கே பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் வாய் ஓயாது. பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்குள் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துவிடுவேன். பிறகு பக்கவாதம் வந்தது. வலது காலோடும் கையோடும் பேச்சையும் பிடுங்கிக்கொண்டது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சுதான் முரண்டு பிடித்தது. சொல்ல வேண்டியது மனதில் பளிச்சென்று இருக்கும். வாயைத் திறந்தால் குழறிக்கொண்டு வேறு எதுவோ வரும்.

தைப்பிங்கைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். நடந்தே சுற்றிப் பார்த்துவிடலாம், ஏரியைச் சுற்றி நல்ல நிழல் என்று மகள் கைப்பேசியில் படம் காட்டியிருந்தாள். குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே ஒருவர் நிற்கும் வாழ்க்கை எனக்கு அலுத்துப்போயிருந்தது. அந்த ஏரியை யார் துணையும் இல்லாமல் ஒருமுறை சுற்றி வந்தே தீருவது என்று ஒரு வைராக்கியம்.

இரண்டாம் நாள் காலை, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே கைகாட்டி, ஒற்றை விரலை நீட்டினேன். மனைவியின் முகம் சுருங்கியது.

"தனியாவா? சரி, போயிட்டு வாங்க. ஏரிய விட்டு வேற எங்கயும் போவாதீங்க" என்றாள்.

என் கைப்பேசி சார்ஜில் கிடந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

ஏரிக்கரை மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளைகளை நீட்டி, நுனியால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. எதிரே மலை, அதன் மேல் மேகம். ஓடுகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும். நான் ஊன்றி, இழுத்து, நின்று, மறுபடி ஊன்றி நடந்தேன். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தபோது ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் மழை கொட்டியது. எல்லாரோடும் சேர்ந்து நானும் சாலையைக் கடந்து கடைவரிசையின் கூரை போட்ட நடைபாதையில் ஒதுங்கினேன். மழை குறையும், அடுத்த வரிசைக்குப் போவேன். மறுபடி கொட்டும், நிற்பேன். கடைசியில் மழை விட்டபோது எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி பழைய கடைகள். ஏரி எந்தத் திசை என்பதும் மறந்துபோனது. எங்கள் ஹோட்டல் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. யாரிடமாவது மணிக்கூண்டு எங்கே என்று கேட்டால் போதும்.

அதைத்தான் கேட்க முடியவில்லை.

காரை நிறுத்திக்கொண்டிருந்த ஒருவரை நெருங்கினேன். நனைந்த சட்டை, தள்ளாடும் நடை, குழறும் வாய். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அடுத்து நம் தமிழ் இளைஞன் ஒருவன் வந்தான். அப்பாடா என்று அவன் முன் போய் நின்றேன். மணிக்கூண்டு என்று சொல்ல முயன்றேன், "மம்... மம்..." என்றுதான் வந்தது.

"என்னா அங்கிள், காலையிலேயே ஏத்திட்டீங்களா? வீட்டுக்குப் போங்க லா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

நான் வாழ்நாளில் குடித்தவன் இல்லை. அதைக்கூட அவனிடம் சொல்ல முடியவில்லையே என்று நெஞ்சு கொதித்தது. அங்கேயே உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது. உட்கார்ந்தால் யாராவது போலீஸைக் கூப்பிடுவார்கள், மனைவி பதறி ஓடி வருவாள், அதோடு இனி தனியாக வாசலைக்கூடத் தாண்ட விடமாட்டார்கள். இல்லை, கேட்டே ஆக வேண்டும்.

முனையில் ஒரு மலாய்ப் பெண்மணி நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்றுக்கொண்டிருந்தார். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். என் முறை வந்ததும் வாயைத் திறந்தேன், அதே குழறல். பின்னால் யாரோ, "மாபோக்" என்றார். குடிகாரன் என்று அர்த்தம். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பெலான்-பெலான், பாக்சிக். சாயா துங்கு" என்றார். மெதுவாகச் சொல்லுங்கள் மாமா, நான் காத்திருக்கிறேன்.

உண்மையிலேயே காத்திருந்தார். அவர் ஊகித்து எதையும் சொல்லவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். வார்த்தை வராவிட்டால் பாடிப் பாருங்கள் என்று மலாக்கா மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொல்லியிருந்தாள். பேச்சு அடைபட்டவர்களுக்கும் பாட்டு வருமாம். வீட்டுக்குள் பாடிப் பார்த்ததுண்டு. தெருவில், பத்துப் பேர் முன்னால், முடியவே முடியாது என்றிருந்தவன் நான். அன்று கண்ணை மூடிக்கொண்டேன். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துக் கோவிலில் பாடிய காவடி மெட்டில், மலாயில் மணிக்கூண்டைப் பாடினேன். "மெ...னா...ரா... ஜாம்! மெனாரா ஜாம்!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார், ஆனால் முகம் மலர்ந்து. "ஓ, மெனாரா ஜாம்!" என்றவர், தன் கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார் என்றார். நான் தலையை ஆட்டி மறுத்து, நடந்தே போகிறேன் என்று காலைத் தட்டிக் காட்டினேன். அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு கடையை விட்டு வெளியே வந்து, நேராகப் போய் இரண்டாவது சந்திப்பில் இடது பக்கம் திரும்பச் சொன்னார். இடது கையை உயர்த்திக் காட்டினேன். "பெதுல்!" என்றார். சரிதான்.

நடந்தேன். கால் கடுத்தது, நிற்கவில்லை. இடது பக்கம் திரும்பியதும் மணிக்கூண்டு தெரிந்தது. அதன் அடியில் குடையைப் பிடித்தபடி என் மனைவி, மழை விட்டதுகூடத் தெரியாமல், போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"போன வேற விட்டுட்டுப் போயிட்டீங்க! ஏரி பூராவும் தேடிட்டேன். உசுரே போச்சுங்க. யாரு கொண்டாந்து விட்டா?"

"நா...னே" என்றேன். மெட்டு இல்லை, பாட்டு இல்லை. "நடந்து... வந்தேன்."

திட்ட வாயெடுத்தவள் அதை விட்டுவிட்டுக் குடையை மடக்கினாள். பிறகு முந்தானையால் என் தலையைத் துவட்டத் தொடங்கினாள், நடுத்தெருவில்.

பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. பாசார் கடைகளிலோ வங்கியிலோ வார்த்தை சிக்கிக்கொண்டால் இப்போதெல்லாம் கூசாமல் பாடிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், கேட்க வந்ததைக் கேட்காமல் நான் திரும்புவதில்லை.