தனி லைனில் ஒருவர்

தொம்மலூரில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் நெட்வொர்க் வேலை பார்த்தேன். கிளைகளில் எடுக்கும் சாம்பிள்கள் பைக்கில் எங்களிடம் வரும். முடிவுகள், வாடகைக்கு எடுத்த தனி லைன் வழியாகக் கிளைகளுக்குத் திரும்பும். வழியில் யாரும் படிக்க முடியாதபடி அவற்றை என்கிரிப்ட் செய்து அனுப்பலாம் என்று மேலாளரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"இன்டர்நெட்லயா போகுது? நம்ம பிரைவேட் லைன்மா. அதுக்குள்ள யாரு வரப்போறாங்க? சும்மா ஸ்லோ ஆயிடும்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஒரு நாள் காலையில் விவேக் நகர் கிளையில் ரௌட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் ஒருவர் நன்றி சொல்ல வந்திருந்தார்.

"நேத்து உங்க சார் போன் பண்ணாரு. சாதாரணக் கட்டிதாம்மா, கேன்சர் இல்ல, நிம்மதியா தூங்குங்கன்னாரு. எவ்ளோ அன்பா பேசினாரு தெரியுமா?"

கவுன்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள். நாங்கள் யாரும் நோயாளிகளை அழைப்பதில்லை. அவருடைய ரிப்போர்ட் முந்தைய நாள்தான் லைனில் வந்திருந்தது; டாக்டர் அதில் இன்னும் கையெழுத்துகூடப் போடவில்லை. ஆனால் அந்தக் குரல் சொன்ன முடிவு சரியாக இருந்தது.

சில நாட்களில் காக்ஸ் டவுன் கிளைக்கு ஒரு பெரியவர் வந்தார். "உங்க சார் போன்ல, பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு. உட்காருங்கன்னாரு. அப்புறம்தான் சொன்னாரு" என்றார். அந்தக் குரல் என்ன சொன்னது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அன்றே லைனில் என் லேப்டாப்பைப் பொருத்தினேன். பெயர், வயது, மொபைல் எண், நோய் எல்லாம் செய்தித்தாள் போலப் படிக்கும்படி ஓடிக்கொண்டிருந்தன. மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஓடிய பெயர்களில் ஒன்று அவர் மனைவியுடையது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லா கிளைக்கும் அந்த என்கிரிப்ஷனப் போட்டுடும்மா" என்றார்.

போட்டோம். லேப்டாப் திரையில் அர்த்தமில்லாத எழுத்துகள் மட்டும் ஓடின. வேகம் குறைந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம், கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது என் மொபைல் அடித்தது. மென்மையான ஆண் குரல்.

"மேடம், சாப்பிட்டீங்களா? நேத்துலேர்ந்து ஒண்ணுமே படிக்க முடியல."

தட்டைத் தள்ளி வைத்தேன்.

"டாக்டருங்க பட்டுனு சொல்லிடுவாங்க மேடம். நான் பாத்து, பக்குவமா சொல்லிட்டிருந்தேன். இனிமே அவங்களுக்கு யாரு சொல்வாங்க?"

உண்மையான வருத்தம் அந்தக் குரலில் இருந்தது. அழைப்பு துண்டானது. என் எண் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்தேன். ஊழியர் விவரங்களும் அந்த லைனில்தான் போய்க்கொண்டிருந்தன.

போலீஸில் புகார் கொடுத்தோம். அவன் பேசிய சிம், இறந்துபோன ஒருவர் பெயரில் இருந்தது. லைன் கொடுத்தவர்கள், தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதி அனுப்பினார்கள். அவன் யார், எந்த இடத்தில் உட்கார்ந்து எங்களைப் படித்தான் என்பது இன்றுவரை தெரியாது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இப்போதும் எடுக்கிறேன். ஆனால் எதிர்முனை பேசும்வரை வாய் திறப்பதில்லை.