வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம்

சற்குணம் முதலில் முடிவெடுப்பார், பிறகுதான் விசாரிப்பார். புலம்பெயர்ந்து வந்த மவுண்ட் ஆல்பர்ட்டில் பழைய மரவீட்டை வாங்கியதும் அப்படித்தான். கூரை ஒழுகும் என்பதை முதல் மழைதான் அவருக்குச் சொன்னது. இத்தனைக்கும் அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய்களுக்குப் படம் வரைகிறவர், அங்கே ஒரு கோடு பிசகமாட்டார். அந்தக் கவனத்தையெல்லாம் மாலை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்குவார் போலும்.

மகள் கௌரி 1986இல் உதவிப்பணம் கிடைத்து அமெரிக்காவுக்குப் பொறியியல் படிக்கப் போனாள். போன இரண்டாம் மாதமே, கல்லூரி பாண்ட் குழுவில் சேர்ந்து பெரிய டிரம் அடிப்பதாகச் சந்தோஷமாக எழுதினாள். சற்குணம் அன்றைக்கே பதில் போட்டார். மேளத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மைதானம் சுற்றவா உன்னை அனுப்பினேன், அதை விடும்வரை உன்னோடு பேச்சில்லை என்று. அவள் விடவில்லை, இவரும் பேசவில்லை. அவள் தொலைபேசியில் அழைத்தால் மனைவி யோகராணியிடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று பேப்பர் படிப்பார். நாலு மாதம் அந்தப் பேப்பரை அவர் சரியாகப் படித்ததே இல்லை.

பிப்ரவரியில் அவளிடமிருந்து ஒரு வீடியோ கசெட் வந்தது. அமெரிக்காவில் அவர்கள் பாணிக் கால்பந்துப் பருவம் முடிந்ததும் நன்றாக ஆடிய இரண்டு கல்லூரி அணிகளைக் கூப்பிட்டு ஒரு பெரிய ஆட்டம் வைப்பார்களாம், பௌல் ஆட்டம் என்று பெயர். இந்த வருடம் கௌரியின் கல்லூரிக்கு அந்த அழைப்பு கிடைத்திருந்தது, கசெட்டில் இருந்தது அந்த ஆட்டம்தான். இடைவேளையில் இரண்டு கல்லூரி பாண்டுகளும் மைதானத்தில் வாசிக்கும். கூடவே ஒரு துண்டுக் கடிதம்: "அப்பா, ஒருக்கால் பாருங்கோ. பார்த்திட்டு என்னோடை கதையுங்கோ."

அதை இரண்டு தரம் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேளம் பார்க்கப் போவதில்லை, ஆட்டம்தான் பார்க்கப் போகிறேன் என்று அறிவித்து, ஞாயிற்றுக்கிழமைக்குத் தெரிந்த நாலு தமிழ்க் குடும்பங்களை அழைத்துவிட்டார். ஒரு மனிதன் கோபம் ஆறுவதற்கு இத்தனை பேர் எதற்கு என்று யோகராணி கேட்கவில்லை. உருளைக்கிழங்கை அவியவிட்டு ரோல்ஸ் பலகாரத்துக்கு ஆயத்தமானாள்.

அமெரிக்கக் கசெட் இங்குள்ள பெட்டியில் ஓடாது என்பது ஞாயிறு காலையில்தான் தெரிந்தது. பிளாக்ஹவுஸ் பே என்ற பக்கத்து ஊரிலிருந்து மலேசியக்காரர் மோகனதாஸ் தான் சிங்கப்பூரில் வாங்கிய வீடியோ டெக்கைக் கொண்டுவந்து இணைத்தார். படம் வந்தது, நிறம் வரவில்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை. படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டதால் அங்கே எழுதிக் காட்டும் அணிப் பெயர்களும் புள்ளிகளும் தெரியவில்லை. வர்ணனையைக் கேட்டால் புரிந்துவிடும் என்றார் மோகனதாஸ். அந்த ஆளின் இங்கிலீஷ் ஒரு இரைச்சல், நானே விளக்குகிறேன் என்று சற்குணம் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டார். பத்து வருடம் ரக்பி பார்த்தவர் அல்லவா.

அப்புறம் விளக்கம் நிற்கவே இல்லை. கால்பந்து என்று பேர்தான், காலால் உதைப்பது எப்போதாவதுதான் என்றார். தாய்மார் பயப்படுகிறார்கள், அதனால்தான் தலைக்கவசம் என்றார். கௌரியின் கல்லூரி எது என்று ஒருவர் கேட்க, அவள் எப்போதோ தங்கள் நிறம் கருஞ்சிவப்பு என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. கறுப்பாகத் தெரிகிறவர்கள்தான் நம் ஆட்கள் என்று தீர்ப்புச் சொன்னார். கறுத்த சட்டைக்காரர் பந்தோடு ஓடும்போதெல்லாம் அறை கைதட்டியது.

இடைவேளையில் கறுத்த சீருடை பாண்ட் வந்தது. அவராகவே எழுந்து சத்தத்தைக் கூட்டினார். மூன்றாவது வரிசையில், இறகுத் தொப்பிக்குக் கீழே, மெலிந்த பெண்ணொருத்தி வயிற்றை மறைக்கும் டிரம்மோடு நடந்தாள்.

"உங்கை பார், பிள்ளை" என்றார்.

"எங்கட பிள்ளை மாதிரி இல்லையே" என்றாள் யோகராணி.

தொப்பி போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று அவளை அடக்கினார். அந்தப் பெண் திரும்பிய பக்கமெல்லாம் அவர் தலையும் திரும்பியது. பாண்ட் வெளியேறியதும் தேநீர் பார்க்கிறேன் என்று குசினிக்குள் போய், கேத்தலைக் கூட வைக்காமல் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். ஒரு தகப்பன் நாலு மாதம் வீம்பு பிடித்தது எவ்வளவு மடத்தனம் என்று அப்போது அவருக்கு உறைத்தது. விருந்தினர் ரோல்ஸோடு புல்தரைக்கு இறங்கிவிட்டார்கள். அடுத்த பாண்ட் ஆளில்லாத அறையில் வாசித்து முடித்தது. பிற்பாதிக்கு அவர் சத்தத்தை மறுபடி குறைத்துவிட்டார்; கடைசியில் குதித்துக் கொண்டாடியவர்கள் கறுத்த சட்டைக்காரர்தான் என்று கண்டு, எல்லோரும் அவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

நாலு மணிக்கு அவரே அமெரிக்காவுக்கு அழைத்தார்.

"பிள்ளை, நல்லா அடிச்சனி" என்றார். அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகை அவருக்கு ஒத்துவராது, ஆகவே அவசரமாக, கடைசித் திருப்பத்தில் மட்டும் கால் பிந்திவிட்டது என்று ஒரு குறையும் சேர்த்தார்.

"எந்த உடுப்பிலை பார்த்தனீங்கள் அப்பா?"

கறுப்பு என்றார்.

"அது மற்றக் கொலிஜ். கடும் நீலம். அண்டைக்கு எங்கட ரீமுக்கு வெள்ளைச் சட்டை. பாண்டுக்கும் வெள்ளைக் கோட்டுத்தான். நாங்கள் ரெண்டாவதாத்தான் வந்தனாங்கள்." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்தவே முடியவில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு கேட்ட அந்தச் சிரிப்புக்கு அவர் கோபிக்கவில்லை.

"வை. பார்த்திட்டு எடுக்கிறன்" என்றார்.

கணவனும் மனைவியும் மட்டும் உட்கார்ந்து, மறுநாள் எடுக்கலாமென்று மோகனதாஸ் விட்டுப்போன டெக்கில் கசெட்டைத் திருப்பி ஓட்டினார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர் வந்தார்கள். இந்த முறை தேடவேண்டியிருக்கவில்லை. கணக்குப் போடும்போது செய்வதுபோலக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, முதல் வரிசையிலேயே, கௌரி.

அடுத்த ஞாயிறு அதே நாலு குடும்பங்களுக்கும் மறுபடி அழைப்பு. போன கிழமை நடந்தது ஒத்திகை என்று சொல்லிவைத்தார் சற்குணம். மோகனதாஸ் டெக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார், யோகராணி மறுபடி உருளைக்கிழங்கு அவித்தாள். தோற்கப்போவது வெள்ளைச் சட்டை என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் வெள்ளைச் சட்டைக்காரர் பந்தைத் தொட்டபோதெல்லாம் கைதட்டினார்கள். இடைவேளை வந்தபோது யாரும் ரோல்ஸுக்கு எழும்பவில்லை. சற்குணம் கதவுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.