மாமாவுக்குக் கேட்ட வரம்

கடவுளிடம் ஒன்றைக் கேட்பதானால் விலாசத்தோடு கேட்க வேண்டும் என்பது என் அம்மாவின் கொள்கை. "என் தம்பிக்கு உதவி செய்யும்" என்று மொட்டையாகக் கேட்டால், உலகத்தில் தம்பிமார் உள்ள அத்தனை பேருடைய மன்றாட்டோடும் அது கலந்துபோய்விடும் என்று அவர் உறுதியாக நம்பினார். ஆகவே எங்கள் வீட்டுச் செபத்தில் மாமாவின் பெயர் வரும்போதெல்லாம், "முல்லைத்தீவுக் கந்தோரிலே கிளாக்கராய் இருக்கிற, என்னோடு இந்த வீட்டிலே இருக்கிற, இன்னும் கலியாணம் கட்டாத என் தம்பி" என்று முழு விவரமும் சொல்லப்படும். மாமாவும் பக்கத்தில் முழந்தாளில் நின்று, தன்னைப் பற்றிய அந்த விளம்பரத்தை மிகவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எங்கள் கரையில் களிசான் போட்டு, சைக்கிளில் ஏறி, கந்தோருக்குப் போன முதல் ஆள் மாமாதான். மற்ற எல்லோரும் கடலை நம்பி இருந்தவர்கள். அப்பாவிடம் ஒரு கரைவலை இருந்தது. படித்த மைத்துனன் ஒருவனும் இருந்தான். இரண்டிலும் எதைப் பற்றி அவர் அதிகம் பெருமை பேசினார் என்று சொல்வது கடினம். கந்தோரில் யாராவது அலைக்கழித்தால், "எங்கட ஆள் ஒருத்தன் உள்ள இருக்கிறான், தெரியுமோ?" என்று கேட்பதற்கு அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பை அவர் வீணாக்கியதே இல்லை.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. அரசாங்க வேலையில் நிலைக்க வேண்டுமானால் சிங்களத்தில் சோதனை எழுதிச் சித்தியடைய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. மாமா ஒருமுறை எழுதிக் கோட்டை விட்டுவிட்டார். இனி ஒருமுறைதான். அதிலும் தவறினால் சைக்கிளை வீட்டில் சாத்திவிட்டு, வலை இழுக்க வரவேண்டியதுதான்.

இத்தனைக்கும் மாமாவுக்கு முதல் நியமனம் கிடைத்தது சிங்களம் பேசும் சிலாபத்துப் பக்கம். இரண்டு வருடம் அங்கே இருந்தவர். "ரெண்டு வருசம் இருந்து இறால் தின்னத்தான் பழகிக்கொண்டு வந்தவன்" என்பார் அப்பா. அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் சோளகக் காற்றுத் தொடங்கி மேற்குக் கடல் குழம்பியதும், நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் மீனவர்கள் எங்கள் கரைக்கு வந்து வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். அவர்களோடு விலை பேசியும் சண்டை பிடித்தும் சமாதானமாகியும் அப்பாவுக்குச் சிங்களத்தில் கொஞ்சம் வாய் திறக்க வரும். மாலையில் மாமா வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்துவதற்குள் அப்பாவின் சோதனை தொடங்கிவிடும்.

"மீனுக்கு என்ன?"

மாமா சிரிப்பார்.

"மாலு! சரி, கருவாட்டுக்கு?"

மாமா அதற்கும் சிரித்துவிட்டு முகம் கழுவப் போய்விடுவார். "பேய்க்குஞ்சு, இதுகூடத் தெரியேல்ல" என்று அப்பா எங்களிடம் சொல்லுவார். மாமாவின் மண்டையை நினைத்து எனக்கும் மிகவும் பரிதாபமாக இருக்கும். 'மாலு' என்பது எனக்கே தெரிந்திருந்தது.

வாடிக்காரர்களும் எங்களைப் போல வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்கள் கோயிலுக்குத்தான் வருவார்கள். அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பூசை லத்தீனில் நடந்தது. அது இரண்டு பக்கத்துக்கும் விளங்காத மொழி. ஆகவே அதைப் பற்றி எந்தச் சச்சரவும் இருக்கவில்லை.

அந்த வருடம் எனக்கு உறுதிபூசுதல். ஆயர் ஆண்டகை வரப்போகிறார் என்று உபதேசியார் எங்களைக் கோயில் விறாந்தையில் இருத்தி ஞானோபதேசம் சொல்லித்தந்தார். தூய ஆவி என்று இப்போது சொல்வதை அந்நாளில் இஸ்பிரீத்துசாந்து என்போம். அவர் தரும் வரங்கள் ஏழு: ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம். ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டும். நான் ஒப்பித்தேன். அடுத்து பெந்தக்கோஸ்துத் திருநாளின் கதை வந்தது. அப்போஸ்தலர்கள் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்களாம். பெருங்காற்று வந்து வீட்டை நிறைத்ததாம். நெருப்பு நாக்குகள் ஒவ்வொருவர் தலையிலும் இறங்கினவாம். அந்தக் கணமே கற்காத மொழிகளையெல்லாம் பேசினார்களாம். அவர்கள் கலிலேயாவில் மீன் பிடித்தவர்கள் என்பதையும் உபதேசியார் மறக்காமல் சொன்னார்.

நான் எழும்பி நின்றேன். "அந்த ஏழுக்குள்ள சிங்களமும் இருக்கோ?"

உபதேசியார் என்னை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். "அது ஏழுக்குள்ள வராது, பிள்ளை. அது வேற வரம். அவையளுக்குத் தேவைப்பட்டது, ஆண்டவர் குடுத்தார்."

"எங்கட மாமாவுக்கும் தேவைதானே?"

உபதேசியாரின் மகனும் எங்கோ ஒரு கந்தோரில்தான் வேலை செய்தான். "கேட்டுப் பார், பிள்ளை. கேக்கிறதுக்குக் காசு இல்லை" என்றார்.

இதை நான் வீட்டில் வந்து சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டார். இத்தனை நாளாக "சோதினையில் பாஸாக்கும்" என்று மட்டும் கேட்டது எவ்வளவு பெரிய பிழை என்று அவருக்குப் பட்டுவிட்டது. நேரே மொழியைக் கேட்டிருக்க வேண்டாமா? பெந்தக்கோஸ்துக்கு முன்னால் ஒன்பது நாள் நவநாள் வரும். சோதனையோ பெந்தக்கோஸ்து கழிந்த கையோடு வவுனியாவில். இந்தப் பொருத்தத்தைக் கண்டு அம்மாவுக்குப் புல்லரித்துப் போயிற்று.

நவநாள் தொடங்கியது. மாதா சுரூபத்துக்கு முன்னால் எல்லோரும் முழந்தாளில் நிற்போம். வழக்கமான விலாசம் சொல்லி முடிந்ததும், "அப்போஸ்தலர்களுக்குக் கொடுத்த மொழிவரத்தை இவனுக்கும் தந்தருளும். எல்லா மொழியும் வேண்டாம், சிங்களம் மட்டும் போதும்" என்று அம்மா கேட்பார். எங்கள் 'ஆமென்' முடிந்து சற்றுப் பிந்தித்தான் மாமாவின் 'ஆமென்' வரும். அந்தப் பிந்தல்தான் வரம் வராததற்குக் காரணம் என்று நான் நினைத்தேன்.

நாட்கள் போயின. வரம் வருவதற்கான எந்த அறிகுறியும் இல்லை. அப்பா "கருவாட்டுக்கு என்ன?" என்று கேட்பதும் மாமா சிரிப்பதும் அப்படியே நடந்துகொண்டிருந்தன. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மாமாவின் சைக்கிள் பாரில் ஏறிச் சந்தைக்குப் போகும் சந்தோசம் இனி இல்லாமல் போய்விடுமே என்ற பயமும் அதில் சேர்ந்திருந்தது. என்ன குறை என்று யோசித்துப் பார்த்தேன். காற்று எங்கள் வீட்டில் வேண்டியமட்டும் அடித்தது. நெருப்புத்தான் இல்லை.

கடைசி நாள் மாலை மெழுகுதிரியைப் பிடிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மா கண்ணை மூடி மொழிவரத்துக்கு வந்த நேரம் பார்த்து, மாமாவுக்குப் பின்னால் போய், திரியைத் தலைக்கு மேலே பிடித்தேன். ஞானோபதேசப் புத்தகத்துப் படத்தில் அப்போஸ்தலர்களுக்கு இருந்ததுபோல, தலைக்கு ஒரு சாண் மேலே. ஆனால் மாமா அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டார். அவர் தலைக்கு எண்ணெய் தாராளமாக வைப்பவர். சர் என்றது. மயிர் பொசுங்கும் நாற்றம் வீட்டை நிறைத்தது.

"ஐயோ அம்மா!" என்று கத்திக்கொண்டு மாமா இரண்டு கையாலும் தலையில் அடித்தார்.

அப்பா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "வரம் வந்திட்டுது. ஆனால் தமிழிலதான் வந்திருக்குது."

அம்மா என் காதைப் பிடிப்பதற்குள் மாமா குறுக்கே வந்துவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "விடுங்கோ அக்கா. நெருப்பு வேணுமெண்டு நீங்கள்தானே ஒன்பது நாளாக் கேட்டனீங்கள்." செபத்தை முடிக்க அம்மா மிகவும் பாடுபட்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உச்சி மயிர் பொசுங்கிய தலையோடு மாமா வவுனியாவுக்கு பஸ் ஏறினார். பிறகு ஆண்டகை வந்தார். என் நெற்றியில் எண்ணெய் பூசி, கன்னத்தில் மெல்லத் தட்டி, ஏழு வரங்களையும் தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சோதனை முடிவு வந்தது. மாமா தவறிவிட்டார். எனக்கு ஏழு, மாமாவுக்கு ஒன்றுகூட இல்லை. கடவுள் செய்தது பெரிய அநியாயம் என்று எனக்குப் பட்டது. அதை இன்றைக்கும் கொஞ்சம் நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன்.

வீடு செத்தவீடு மாதிரி ஆயிற்று. அப்பா மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மீனுக்கு என்ன என்றுகூடக் கேட்பதில்லை. "அவன்ர மண்டைக்குள்ள களிமண்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார். அம்மா பரிமாறும்போது அழுவார். மாமா மட்டும் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டார். "உனக்குச் சோறு இறங்குதோ, தம்பி?" என்று அம்மா கேட்டார். "குழம்பு நல்லா இருக்குது, அக்கா" என்றார் மாமா.

ஒரு பின்னேரம் மாமாவைக் கூட்டிவரச் சொல்லி அம்மா என்னைக் கரைக்கு அனுப்பினார். மாமா எங்கள் ஆட்களோடு இல்லை. தள்ளிப் போனால் வாடிக்காரர்களின் கொட்டில்கள். அங்கே கவிழ்த்துப் போட்ட வள்ளம் ஒன்றின் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். சுற்றிவர மணலில் அந்த மனிதர்கள். மாமா கதைத்துக்கொண்டிருந்தார், சிங்களத்தில். அப்பாவைப் போல் ஒரு சொல் சொல்லி மிச்சத்தை விரலால் காட்டுவது அல்ல. மாரி மழைபோல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தார். கையைக் காலை ஆட்டி ஏதோ பகிடி சொல்லி முடித்தார். ஒரு கிழவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் சரிந்தான். மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

அற்புதம் ஒன்றை அவ்வளவு கிட்ட நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மாமா! வரம் வந்திட்டுதோ?"

மாமா திரும்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. "ஓம் பிள்ளை, வந்திட்டுது."

"எப்ப?"

"இப்பதான். ஒருத்தருக்கும் சொல்லாதை, என்ன?"

இப்படியான ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியுமா? அவர் வள்ளத்திலிருந்து இறங்குவதற்குள் நான் பாதி வழி ஓடிவிட்டேன். "வந்திட்டுது, வந்திட்டுது! பிந்தி வந்திட்டுது! மாமா சிங்களம் கதைக்கிறார், வாடிக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கினம்!" என்று முற்றத்திலிருந்தே கத்தினேன். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். மகிழ்ச்சியில் பொத்துகிறார் என்று நினைத்தேன். ஆனால் அப்பாவுக்குக் கேட்டுவிட்டதோ என்று அம்மா அவர் இருந்த பக்கம் பார்த்தார்.

மாமா வந்து படலையைத் திறந்தபோது அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தார். பல நாட்களுக்குப் பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியாதெண்டெல்லோ சொன்னனீ?"

"நான் ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்ல, அத்தான். நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"அப்ப சோதினையில?"

"பேரை எழுதினனான். தமிழில. மிச்சத்தை வெறுமனக் குடுத்திட்டு வந்திட்டன்."

அம்மா வாசலிலேயே இருந்துவிட்டார். "ஏன்ரா தம்பி?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பொசுங்கிய இடத்தில் புது மயிர் முளைத்திருந்தது. "அந்த மனிசரோட கதைக்கிறது எனக்குச் சந்தோசம், அக்கா. நல்ல சனங்கள், நல்ல பாசை. ஆனால், உதைக் கதைச்சால்தான் உனக்குச் சோறு எண்டு ஒருத்தன் சொல்லேக்க எனக்கு வாய் வருகுதில்லை."

அப்பா ஏசப்போகிறார் என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா கதிரையை விட்டு எழும்பினார். அந்தக் கதிரையில் வேறு எவரும் இருந்து நான் கண்டதில்லை. "இதில இரு" என்றார் மாமாவிடம். பிறகு அம்மாவைப் பார்த்து, "இஞ்சேர், அவனுக்கு ஒரு தேத்தண்ணி குடு. ஆள் களைச்சுப்போய் வந்திருக்கிறான்" என்றார்.

மாமா கந்தோரை விட்டு நின்றார். அப்பாவோடு கூட்டுச் சேர்ந்து, வாடிக்காரருக்கும் எங்கள் கரைக்கும் நடுவில் மீன் வியாபாரம் செய்தார். கலியாணமும் கட்டினார். சைக்கிளை விற்கவில்லை. நான் தொடர்ந்து பாரில் ஏறிச் சந்தைக்குப் போய் வந்தேன். ஆகவே எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

மாமா அப்பாவின் கதிரையில் இருந்த அன்று மாலைச் செபத்தில் அம்மா விலாசம் ஒன்றும் சொல்லவில்லை. "ஆண்டவரே, இந்த வீட்டுக்கு நீர் தந்த வரத்துக்காக உமக்கு நன்றி" என்று மட்டும் சொன்னார். அப்பா எல்லோரையும் விடச் சத்தமாக 'ஆமென்' என்றார். நானும் சொன்னேன், அந்த வரம் சிங்களம்தான் என்று நினைத்துக்கொண்டு.