தல்மனூத்தாவுக்கு நான் கொடுத்த விலாசம்

கள்ளக்குறிச்சியில் வேதபாட ஆசிரியராகச் சேர்ந்த முதல் நாளே மாட்டிக்கொண்டேன். மாற்கு சுவிசேஷத்தில், இயேசு படகேறித் தல்மனூத்தாவின் எல்லைக்கு வந்தார் என்று வாசித்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், அது எங்க இருக்குது? அர்த்தம் இன்னா சார்?"

தெரியாது என்று சொல்ல வெட்கம். "கலிலேயாக் கடலுக்குக் கிழக்குக் கரைம்மா. மீனவங்க இளைப்பாறுற எடம்னு அர்த்தம்" என்றேன். மொத்தமும் என் கற்பனை.

அந்தப் பொய் வருடா வருடம் மாணவர் நோட்டில் ஏறியது. ஓய்வுபெற்ற பின் நான் தொகுத்த வினா விடைப் புத்தகத்தில் அச்சும் ஆனது. எங்கள் பகுதிச் சபைகளின் வேதாகம வினாடி வினாவுக்கு அந்தப் புத்தகம்தான் ஆதாரம். நடுவரும் நானே.

போன வருடம் முதல் பரிசு மைக் செட். கல்வராயன் மலைச் சபைக்கு அது அவசியம் தேவைப்பட்டது. அவர்கள் கோயிலுக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பிரசங்கம் முதல் வரிசையைத் தாண்டாது. அவர்களுக்காகப் பதில் சொன்னவர் எஸ்தர், மரவள்ளி பயிரிடுபவர். டவுன் சபையோடு சம மதிப்பெண்ணில் இருந்தபோது கடைசிக் கேள்வியாகத் தல்மனூத்தா வந்தது.

"அது எங்க இருந்துதுன்னு யாருக்கும் தெரியாதுங்க ஐயா. அர்த்தமும் சரியாத் தெரியாது."

"ஒங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கம்மா. எல்லாரையும் ஏன் சேத்துக்கிறீங்க?" என்றேன். மண்டபமே சிரித்தது.

டவுன் சபைக்காரர் என் புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பித்தார். மைக் செட் அவர்கள் வேனில் ஏறியது. ஏற்கெனவே அவர்களிடம் இரண்டு இருந்தன.

எஸ்தர் நேரே என்னிடம் வந்தார். "கெழக்குக் கரைன்னு எழுதிக்கிறீங்களே, போய்ப் பாத்துக்கினு வந்தீங்களாங்க? அங்க பஸ்ஸு ஜாஸ்தியா, கம்மியா?"

தன் வேதாகமத்தின் அடிக்குறிப்பை விரலால் காட்டினார்: இடம் அறியப்படவில்லை. கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்லி நழுவினேன். கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது.

மூன்று மாதம் அந்தச் சிரிப்பு என்னை அரித்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினேன். ஆராதனை முடிவில் எழுந்து, நடந்ததைச் சொன்னேன். தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"பின்னால கேக்கலீங்க!"

மறுபடி சொன்னேன்.

"இன்னா சொல்றாரு?"

"அவருக்கு இன்னாவோ தெரியாதாம்."

மூன்றாம் முறை அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "தல்மனூத்தா எங்கன்னு எனக்குத் தெரியாது! நான் எழுதினது பொய்! எஸ்தரம்மா சொன்னதுதான் சரி!"

வகுப்பில் மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே சொல்லுக்கு, இந்த வயதில் இவ்வளவு தொண்டை. புதிதாகப் பாடம் நடத்தப் போகிறவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடைசி வரிசையிலிருந்து எஸ்தர் எழுந்தார்.

"இப்பக் கேட்டுதுங்க ஐயா. அன்னிக்கே ஒத்துக்கினு இருந்தா, இதை நீங்க இங்க மைக்குலயே சொல்லியிருக்கலாம்."