அக்கா ஊறவைத்த சிவப்புப் பூ

என் கணவரின் முழங்கால் என் பொறுப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஈப்போவில் ஒரு கிளினிக்கில் பதினெட்டு வருஷமாக மருந்து எடுத்துக் கொடுப்பவள் நான். எந்த வலிக்கு எந்தக் களிம்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இவர் லாரியை நிறுத்திவிட்டு நொண்டிக்கொண்டே நேராகப் போவது பக்கத்து வீட்டுக்கு. அங்கே இருப்பவர் இவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அக்கா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் மரம் சீவியவர். அங்கே ஒரு சீன அம்மாவிடம் கற்றுக்கொண்ட வைத்தியம் இது. சீன மருந்துக் கடையில் காய்ந்த சிவப்புப் பூ கிடைக்கும், பார்வைக்குக் குங்குமப்பூ மாதிரி. அதைப் போத்தலில் போட்டு, சம்சு சாராயம் ஊற்றி, ஒரு மாதம் இருட்டில் வைக்க வேண்டும். தினமும் ஒரு குலுக்கு. சுளுக்கு, வீக்கம், ரத்தம் கட்டிய இடம் எல்லாவற்றுக்கும் தேய்க்கலாம். புண்ணில் படக் கூடாது, வயிற்றில் பிள்ளை இருப்பவர்களுக்கு ஆகவே ஆகாது.

"அண்ணி மருந்து போட்டா மறுநாளே வீக்கம் எறங்கிடுது" என்பார் இவர். என் களிம்பு உறை பிரிக்காமல் கிடக்கும். எனக்கு வயிறு எரியும். அந்த மருந்து நிஜமாகவே வேலை செய்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக இவர் வேண்டிக்கொண்டிருந்தார். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். வெறுங்காலோடு மலைக்கோயில் வரை நடக்க வேண்டும். விரதம் தொடங்கிய அன்று எனக்கு ஒரு வழி கிடைத்தது.

"சம்சுங்க அது. விரதத்துல சாராயத்த ஒடம்புல தேச்சிக்கிட்டு சாமிக்குப் பால்குடம் எடுப்பீங்களா?"

"குடிக்கலயே, தேய்க்கத்தானே" என்று முனகினார். ஆனாலும் பயந்துவிட்டார். இவர் அங்கிருந்து வாங்கி வைத்திருந்த போத்தலை நானே கொண்டுபோய் அக்காவிடம் திருப்பிக் கொடுத்து, விரதம் என்று காரணம் சொன்னேன். அப்போது என் குரலில் இருந்த பவ்யம் எனக்கே பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் முழங்கால் வீங்கியது. களிம்பு, மாத்திரை, ஒத்தடம், எதற்கும் கேட்கவில்லை. பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அந்த மருந்து கொஞ்சம் இருக்காக்கா?"

"அன்னைக்கே கீழ ஊத்திட்டேன்லா. நீதானே விரதம்னு சொன்ன. நானும் ஒங்களோட சேந்து கவிச்சி நிறுத்தியிருக்கேன், அத வீட்டுல வெக்க மனசு வரல. இப்பப் போட்டாலும் ஊற ஒரு மாசம் ஆவும்."

அக்கா பேச்சில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பூசத்தன்று இவர் தலையில் இருந்த குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை என் தோளில் ஊன்றி நடந்தார். வலி எடுக்கும்போதெல்லாம் என் தோள் அழுந்தியது. பாதி வழியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எல்லாம் என்னால்தான் என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

பின்னால் வந்த அக்கா கிட்டே வந்து, "நா ஒரு பக்கம் புடிச்சிக்கவா?" என்று கேட்டார்.

"வேணாங்கா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி, தோளில் இருந்த இவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.